இரண்டு றாத்தல்

கந்தளாய்க்கும் தம்பலகாமத்துக்கும் நடுவில்
நாவலடிவெளி என்றொரு ஸ்டேஷன்.
வரைபடத்தில் தேடாதீர்கள்.
வரைந்தவன் அந்த இடத்தைத்
தூங்கியபடி கடந்திருப்பான்.

தண்டவாளம் வந்தபோது இங்கே ஊர் இல்லை.
எஞ்சினுக்குத் தாகம், பக்கத்தில் குளம்,
நின்றது.
நின்ற இடத்தில் உதுமாலெவ்வை
தேத்தண்ணி ஊற்றினான்.
மறுவாரம் தயிர்ச்சட்டிகளோடு வந்து குந்தினாள்
வள்ளிப்பிள்ளை.
மூன்றாவதாக வந்தது தராசு.

இரும்பு மேடைத் தராசு. இறக்கும்போது
கூலிகள் கைதவறிப் போட்டுவிட்டார்களாம்.
அன்று தொட்டு எதை வைத்தாலும்
இரண்டு றாத்தல் குறைத்தே சொன்னது.

சந்தைக்கும் அதுதான், சரக்குக் கோச்சிக்கும் அதுதான்.
நெல்லை விற்றவன் முள்ளைப் பார்த்துத் திட்டினான்,
அதே நெல்லைக் கொழும்புக்கு ஏற்றியவன்
கூலி குறைந்ததென்று சிரித்தான்.
ஒரு வருடம் அடிபட்டார்கள். ஒருவனுக்குக் காது கிழிந்தது.
பிறகு மூடைக்கு ஐந்து சதம்,
வாங்குபவன் விற்பவனுக்கு.
‘தராசுக் காசு’ என்றார்கள்.
எங்கள் ஊரில் முதலில் பிறந்த சட்டம் அது.
எழுதியவர் யாருமில்லை.

சீனக்குடாவில் குண்டு விழுந்த வருடம்
கோச்சி நிறையப் பட்டாளம் வந்தது.
தண்ணீர் ஏறும் நேரத்தில் ஒவ்வொருவராய்
தராசில் ஏறி நின்றார்கள், விளையாட்டுக்கு.
ஒருத்தன் தன் நிறையைக்
கரிக்கட்டியால் சுவரில் எழுதிவிட்டுப் போனான்.
அடுத்த வெள்ளையடிப்பு வரை இருந்தது.
அதுவும் பிழையான எண்தான்.

பிறகு லொறி வந்தது. சரக்குப் பெட்டி குறைந்தது.
கிலோ வந்தபோது
முகத்தகட்டை மட்டும் மாற்றினார்கள்.

பிறகு, உங்களுக்குத் தெரியும்.
சிலிப்பர் கட்டைகள் காப்பரணுக்குப் போயின.
ஒரு சந்தை மூன்று சந்தையாயிற்று:
அவர்களுக்குச் செவ்வாய், இவர்களுக்கு வியாழன்,
எங்களுக்கு எந்த நாளும் இல்லை.
கோச்சி வராத ஸ்டேஷனில் சென்ட்ரி போட்டார்கள்.
குளத்துக்கு அப்பால் போகிறவர்
ஆளுக்கு ஐந்து கிலோ அரிசி,
ஒரு பிடியும் கூடாது.
நிறுக்க ஒரு தராசு தேடினார்கள்.
தேட வேண்டியிருக்கவில்லை.

அந்த வரிசையில் நான் ஒன்பதாவது.
எனக்கு வயது பதினொன்று, பையில்
ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைய.
முள் ஐந்தில் நின்றது.
எனக்கு முன்னால் எட்டுப் பேருக்கும்
ஐந்தில்தான் நின்றது.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.

நிறுத்துக்கொண்டிருந்த பெடியனுக்கு
சோமரத்ன என்று சட்டையில் பெயர்.
மத்தியானம் ஆளில்லாத நேரம்
தானே ஏறி நின்றான்.
முள்ளைப் பார்த்தான். இறங்கினான். மறுபடி ஏறினான்.
பிறகு எங்கள் பக்கம் திரும்பி
அடுத்த ஆள் வா என்றான்,
முந்தியிலும் கொஞ்சம் கடுமையாக.

பதினான்கு மாதம் அந்தச் சென்ட்ரி இருந்தது.
ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைய,
எத்தனை பேருக்கு, எத்தனை நாள்,
நான் கணக்குப் பார்த்ததில்லை.
கணக்கெழுதுவதுதான் இப்போது என் தொழில்,
ஆனாலும் பார்த்ததில்லை.

போன மாசி மாதம்
அளவை நிறுவை இன்ஸ்பெக்டர் வந்தார்,
பித்தளைப் படிக்கற்கள், ஒரு திருப்புளி.
சந்தைக் கமிட்டி செயலாளர் என்ற முறையில்
நான்தான் கையெழுத்து வைத்தேன்.
பன்னிரண்டு நிமிடம்.
ஈய முத்திரை குத்திவிட்டு
றெயில்பஸ் பிடிக்க ஓடினார்.
அது இப்போது ஒரு நிமிடம்தான் நிற்கும்.

தராசு சரியாகிவிட்டது என்று அறிவித்தேன்.
எல்லோரும் தலையாட்டினார்கள்.
அன்று பின்னேரம் நெல் யாவாரி ஆதம்பாவா
மூடைக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு
மேலே இருபது ரூபாய் வைத்தான்.
‘இதென்ன, இனித் தேவையில்லையே’ என்றேன்.
‘அது தராசுக்கு’ என்றான்,
கேட்டதே பிழை என்பது மாதிரி.

எல்லோரும் போனபின் நான் ஏறி நின்றேன்.
ஐம்பத்தெட்டு.
இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு
மறுபடி ஏறினேன்.