ஒன்பது பத்து

அருமனை ஸ்டேஷனில் உட்காரச் சொல்லவில்லை.
நின்றபடி சுவரைப் படித்தேன்.
கைதாகிறவர்க்கு உள்ள உரிமைகள்:
நீலப் பலகை, வெள்ளை எழுத்து.
நாலாவது வரிமேல் பீரோவைச் சாய்த்திருந்தார்கள்.
'நேரம் குறித்து, குடும்பத்தில் ஒருவர்…'
அதற்குமேல் இரும்பு.

ரைட்டர் தாளை நீட்டினார்.
"பேபி சரோஜம்தானே? இதுல ஒரு ஒப்பு போடும்மா.
ஒண்ணுமில்ல, சும்மா ஒரு சடங்கு."
சபை நோட்டில்
கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் ஒப்புப் போட்டவள் நான்.
அங்கேயும் தேதி பார்த்துத்தான் போட்டேன்.

கைது செய்த நேரம்: காலை 5.00
இடம்: பஸ் ஸ்டாப் அருகில்

காலை ஐந்துக்கு இதே வாசலில் நின்றேன்.
உள்ளேயிருந்து அவர் இருமல் கேட்டது.

கொண்டுபோனது வீட்டிலிருந்து.
நெற்றி லைட்டைச் சார்ஜில் போட்டுவிட்டு
கிழங்கும் மீன்கறியுமாய் உட்கார்ந்திருந்தார்.
களியல் பஸ் வளைவில் ஹார்ன் அடித்தது.
ஜீப் போனதும் தங்கச்சியைக் கூப்பிட்டேன்,
போனில் கிடக்கிறது: 9.14.
நடுவில் நாலு நிமிடம்
கை எண்ணை அழுத்தவில்லை.

"சாரே, நேரம் தப்பு."
"முதலாளி புகைப்புரையில ஷீட் எடுத்தது தப்பில்லியா?
எட்டு மணி நேரத்துல என்னம்மா வந்திரப் போவுது?"

எடுத்தாரா?
சத்தியமாய் எனக்குத் தெரியாது.
வட்டிக்காரனுக்கு ஏது பணம் என்று போன மாசம் கேட்டேன்,
கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார்.
எடுத்திருந்தாலும்
ஒன்பது பத்து ஒன்பது பத்துதான்.

என்ன வருமென்று
ரப்பர் வெட்டுகிறவளிடம் கேட்கக் கூடாது.
பட்டைக்கும் தடிக்கும் இடையில் நூலளவு.
கத்தி அதைத் தாண்டினால் மரம் சாகாது,
முடிச்சு முடிச்சாய் வீங்கும்.
அந்தப் பக்கம் பிறகு ஆருக்கும் வெட்ட முடியாது.

"பீரோவ கொஞ்சம் நீக்குங்க சாரே.
மிச்சத்தையும் படிச்சிட்டு ஒப்பு போடுதேன்."

யாரோ சிரித்தார்கள்.
ரைட்டர் இன்ஸ்பெக்டர் அறைக் கதவைப் பார்த்தார்.
ஃபேன் சுற்றியது.
பிறகு 5.00-ஐ அடித்து
21.10 என்று எழுதினார். கோடு கோணல்.
இடத்தையும் திருத்தச் சொன்னேன்.
கீழே என் பெயரை முழுசாய் எழுதினேன், இனிஷியலோடு.

இரவு எட்டே முக்கால்.
குழித்துறையில் மாஜிஸ்திரேட் வீட்டு வராந்தா.
இன்னும் இருபத்தஞ்சு நிமிடம் மிச்சம் இருந்தது.
"எதுக்குப் பிடிச்சாங்கன்னு சொன்னாங்களா?
வக்கீல் உண்டா?
அடிச்சாங்களா?"
றசலையன் கால்விரல்களைப் பார்த்தார்.
"இல்ல."
மேடம் பேனாவை மூடவில்லை.
"செருப்பைக் கழற்றுங்க."

அவர் தூணைப் பிடித்துக்கொண்டு
ஒரு காலைத் தூக்கினார்.
நான் பார்க்கவில்லை.
மேடம் எழுதுகிற சத்தம் மட்டும்
ரொம்ப நேரம்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு தாள்.
இலவச வக்கீலுக்கு ஒரு தாள்.
பதினஞ்சு நாள் ரிமாண்டுக்கும் ஒரு தாள்.

வீட்டில் நெற்றி லைட்
அவர் சொருகினபடியே கிடந்தது,
பச்சை எரிந்துகொண்டு.
பிடுங்கினேன்.
விடிந்தால் எந்தத் தோட்டத்தில் என்னை விடுவார்கள்
தெரியவில்லை.