கழித்தல் மூன்று

கரடிப்போக்குச் சந்தியில்
ரயர்க் கடைக்கு மேல்மாடி.
ஐந்து மேசை, ஒரு ஏசி.
ஏசி ஓடினால் கேத்தில் போட முடியாது.
இங்கே இரவு ஒன்பதரைக்கு
டென்மார்க்கில் கந்தோர் மூடும்.
அதற்குப் பிறகு விடியும்வரை
அவர்களின் காப்புறுதிக் கணக்கெல்லாம்
என் பொறுப்பு.

அந்த இயந்திரத்தை நான் கண்டதில்லை.
ஒரு பிறிஜ் அளவுதான் இருக்கும்
என்கிறான் கஜிபன்.
அவனும் கண்டதில்லை.

கறுப்பில் பச்சை எழுத்து.
ஒவ்வொரு இரவும் ஒரு கோப்பு பிறக்கும்.
பெயர் ஒன்றுதான்,
கடைசியில் எண் மட்டும் மாறும்.
இப்போதிருப்பது பூச்சியம்,
முந்தியது கழித்தல் ஒன்று,
அதற்கு முந்தியது கழித்தல் இரண்டு.
பிறக்கப்போவது கூட்டல் ஒன்று.
எழுதி மூடிய பிறகும்
வேலை முழுதாய் முடியும்வரை
அது கூட்டல் ஒன்றாகவே நிற்கும்.
முப்பதுக்கு மேல் இடமில்லை.
முப்பத்தோராவது வர
மூத்தது சத்தமில்லாமல் உதிரும்.
இதைத் தலைமுறை என்கிறார்கள்.
ஒரு நாளைக்கு ஒரு தலைமுறை.

ஞாயிறு இரவு
கிழமைக் கணக்கு.
ஏழையும் மூத்ததிலிருந்து வாசிக்க வேண்டும்.
வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்
எல்லாம் வரும்,
இளையது முன்னால் ஓடி வரும்.
ஆகவே ஒவ்வொன்றாய்க் கூப்பிட்டேன்.
கழித்தல் ஆறு.
திற. வாசி. வாசி. வாசி.
பத்து என்றது நிலைக்குறி.
பத்து என்றால் இனி இல்லை.
மூடு.
கழித்தல் ஐந்து.

ஏழு என்றேன், ஏழு வந்தது.
பிழை ஒன்றும் இல்லை.
கூட்டுத்தொகை மட்டும் இடித்தது.

மழை. கரண்ட் போய்
ஜெனறேற்றர் பிடிக்கும்வரை
தவளைகள்.

வெளிச்சம் வந்ததும்
கோப்புகளின் முழுப்பெயர்களை இறக்கிப் பார்த்தேன்.
நாற்பத்தாறு. நாற்பத்தைந்து. நாற்பத்துநாலு.
நாற்பத்திரண்டு.

கழித்தல் மூன்று என்றால்
மூன்று இரவுக்கு முந்தியது
என்று இத்தனை நாளாய் நினைத்திருந்தேன்.
இல்லை.
இருக்கிறவற்றை மட்டும் எண்ணிப் போனால்
அந்த இடத்தில் நிற்பது, அவ்வளவுதான்.
யாரோ அழித்திருக்கலாம்,
அன்றிரவு லைன் அறுந்திருக்கலாம்,
இயந்திரம் கேட்பதில்லை.
ஒருவர் இறங்கிய பஸ் சீற்றில்
மற்றவர்கள் நகர்ந்து இருப்பதுபோல
நாற்பத்திரண்டு நகர்ந்து இருந்துவிட்டது.
ஏழுக்கு ஆள் காணாமல்
போன கிழமையிலிருந்து முப்பத்தொன்பதும்
வந்து ஏறியிருக்கிறது.

போன மாதம் பதிவுக்கு வந்த கிராம சேவகர்
படலையில் நின்றே கேட்டார்.
எத்தினை பிள்ளையள்?
ரெண்டு, என்றார் அப்பா.
இவ?
மூத்தவ.

சொப்பிங் பையில் சுற்றி
அம்மா ஊர் ஊராய்க் காவிய
என் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில்
நீல மையில் இருக்கிறது:
மூன்றாவது பிள்ளை.

அப்பா பொய் சொல்லவில்லை.
கேட்ட கேள்விக்குச் சரியான விடை.
நிலைக்குறி பூச்சியம் பூச்சியம்.

ஏழாவது நிரலில் நட்சத்திரம் வைத்தால்
அந்த வரியை இயந்திரம் வாசிக்காது.
ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தேழில்
யாரோ அப்படி ஒன்று எழுதிவைத்திருந்தார்:
இதற்குக் கீழே கை வைக்காதே.
அதற்குக் கீழேதான் கை வைத்தேன்.
இரண்டு எண்களுக்கிடையில்
ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால்
நின்று சொல்.
பத்தொன்பது வரி, ஒரு முற்றுப்புள்ளி தவறி
மூன்று தரம் திருப்பி அனுப்பியது.

அவங்கள் கேட்டவங்களோ, என்றான் கஜிபன்.
இல்லை.
பிறகேன்?
தேத்தண்ணி ஆறிப்போச்சு, குடி, என்றேன்.

நாலே காலுக்கு வேலை முடிந்தது.
குறி: நாலு.
நாலு என்றால் பிழை அல்ல,
ஆனால் சொல்ல ஒன்று இருக்கிறது.
கூட்டல் ஒன்று அந்தக் கணத்தில்
பூச்சியமாயிற்று.

பகல் பதினொன்றரைக்கு, நித்திரையிலிருந்து எழுப்பி,
டென்மார்க்கிலிருந்து கடிதம்:
எப்போதும் பூச்சியம்தானே வரும்,
இன்றைக்கு ஏன் நாலு?

நீளமாய் எழுதினேன்.
அழித்தேன்.
நாற்பத்துமூன்று இல்லை,
என்று மட்டும் அனுப்பினேன்.