புதன்கிழமை, மேல் டிவிசன்

நாலரை மணிக்குச் சந்தியில் என்னை இறக்கிவிட்டு
ஆட்டோ திரும்பிவிடும்.
அதற்கு மேலே கல்ரோடு. கல்ரோட்டுக்கும் மேலே
இருநூற்றுப் பதினாறு படிகள்.
எண்ணிக்கொண்டே ஏறுகிறேன்.
முன்பெல்லாம் ஜெபித்துக்கொண்டே ஏறினேன்.

பையில் வேதப் புத்தகம், பொலித்தீன் சுற்றிய கைப்பிரதிகள்,
அட்டைக்கென்று ஒரு சவர்க்காரத் துண்டு.
மஸ்கெலியா மழை
குடையைக் கேட்டுக்கொண்டு பெய்வதில்லை.

எட்டு மாதமாய் உள்ளே ஒரு சத்தமும் இல்லை.
விடியுமுன் முழங்காலில் நிற்கிறேன்,
பிரட்டுக்குப் போயும் பேர் விழாமல்
திரும்பி வருகிறவளைப்போல் எழும்புகிறேன்.
பாஸ்டரிடம் சொன்னேன்.
உபவாசம் இருங்க சிஸ்டர், என்றார்.
இருந்தேன். பசித்தது.

மாத அறிக்கையில்
சந்தித்த வீடுகள்: முப்பத்தொன்று, என்று எழுதினேன்.
சந்தித்த தேவன் என்று
அதில் ஒரு கட்டம் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

ஏழாம் லயம், மூன்றாவது காம்பரா.
முருகன் படத்துக்குக் கீழே
போன மாதம் நான் கொடுத்த பிரதி,
எண்ணெய் கசியாமலிருக்க
விளக்கின் அடியில் நாலாய் மடித்து.

தவமலர் அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருந்தாள்.
பதினாலு கிலோ. அரைப் பேர்தான்.
இடுப்புப் படங்கை அவிழ்க்காமலே
வாங்க டீச்சர், என்றாள்.
புத்தகத்தோடு வருகிற யாரும் அவளுக்கு டீச்சர்.

பாரம் சுமக்கிறவர்களைக் கூப்பிடும் வசனத்தை எடுத்தேன்.
வாய் அதன்பாட்டில் சொல்லிக்கொண்டு போனது.
கண் அவள் உச்சந்தலையில் நின்றது:
கூடைக் கயிறு பதித்த பள்ளம்,
அதில் மழைத்தண்ணி இன்னும் காயவில்லை.

பாதியில் கேட்டாள்:
"ஒங்களுக்கு எறங்கிருச்சா டீச்சர்?"
"என்னது?"
"பாரம்."

இந்த இடத்தில் சொல்லவென்றே
என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது.
இருபத்தாறு வயதில், டிக்கோயா ஆஸ்பத்திரி வார்டில்.
நிஜம்தான். நடந்ததுதான்.
சொல்லிச் சொல்லி ஓரம் தேய்ந்து
பழைய அடையாள அட்டைபோல் ஆகிவிட்டது.
அதில் முகம் தெரிவதில்லை.

"இல்ல," என்றேன். "இப்ப இல்ல."

சொன்னபிறகுதான் பயம் வந்தது.
அவள் சிரிக்கவில்லை.
மிலாறு நாலு ஒடித்து அடுப்பில் செருகினாள்.
கவ்வாத்து மலையிலிருந்து அவளே தூக்கி வந்த குச்சிகள்.
(இதை வைத்துப் பிரசங்கம் செய்யலாம்.
வெட்டுப்பட்ட கிளை, மறுபடி துளிர்.
நானே மூன்று தடவை செய்திருக்கிறேன்.
இன்றைக்கு அது வெறும் விறகு.
நன்றாய் எரிந்தது.)

"பின்ன எதுக்கு இந்த மழையில ஏறி வாறீங்க?"

யோசித்துப் பார்த்தேன்.
"புதன்கெழமையாச்சே."

அதற்கு மட்டும் தலையாட்டினாள்.
"எனக்கும் அப்பிடித்தான்.
சங்கு ஊதுனா கால் தானா வெளிய போகும்."

பிளேன்டீ தந்தாள், உள்ளங்கையில் கொஞ்சம் சீனி.
பிறகு என் குதிகாலைக் காட்டினாள்.
திராட்சைப் பழம்போல் ஊதியிருந்தது அட்டை.
சவர்க்காரம் பைக்குள்ளேயே இருந்தது.
அவள் தரையில் குந்தி
என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து
உப்பை நசுக்கிப் போட்டாள்.

எழும்பும்போது, ஜெபிக்கவா என்று
வழக்கமாய்க் கேட்பதைக் கேட்க மறந்துபோனேன்.
அவள்தான் சொன்னாள்:
"பெரியவன் கொழும்புல கடையில நிக்கிறான்.
தெனம் அடிக்கிறேன், எடுக்க மாட்டேங்கிறான்.
ஆனா ரிங் போகுது.
அவன் பேரச் சொல்லி விடுங்களேன்."

"பேர் என்ன?"
"திலக்ஷன்."

கண்ணை மூடினேன்.
திலக்ஷன், என்றேன்.
அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் வரவில்லை.
தகரத்தில் மழை.
மறுபடியும், திலக்ஷன், என்றேன்.
"ம்," என்றாள் அவள், அடுப்பைப் பார்த்தபடி.

படியிறங்கும்போது குதிகால் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.
அட்டைக் கடி அப்படித்தான்,
லேசில் உறையாது.