ஜாமீன்

புவெனஸ் ஐரிஸில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள்
முகவரியைத் தேட வேண்டியதில்லை.
வரிசையின் கடைசி முதுகைத்
தேடிப் பிடித்தால் போதும்.

அல்மாக்ரோவில் எனக்கு முன்னால் முப்பத்தோரு முதுகுகள்.
நடைபாதையைக் கழுவிக்கொண்டிருந்த காவலாளி
எங்கள் கால்களைச் சுற்றிக் கழுவினான்,
பூந்தொட்டிகளைச் சுற்றிக் கழுவுவதுபோல.

மடக்குக் கம்பிக்கதவு வைத்த லிஃப்ட்.
நால்வர் நால்வராக மேலே.
ஆறாம் மாடி, பின்பக்கம்.
ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஜன்னல்.
அதில் ஒருவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.
நிமிரவில்லை.
முன்பின் தெரியாதவர்கள் இங்கே வந்து நின்று
"வெளிச்சம் பரவாயில்லை" என்று பொய் சொல்வது
அவருக்குப் பழகியிருக்கும்.

தரகர் மிர்த்தா பரெய்ரோ
விரல் மடக்கிக் கேட்டாள்.
குழந்தை? இல்லை.
நாய்? இல்லை.
பியானோ? இல்லை.
அவள் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.
இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல
எனக்குத்தான் ஏதோ குறைந்துகொண்டே போனது.
வேலை?
ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன், பதினோரு வருடமாக.
அருமை. ஜாமீன்?

இந்த ஊரில்
சிறையிலிருந்து வெளியே வர மட்டுமல்ல,
வீட்டுக்குள்ளே போகவும் ஜாமீன் வேண்டும்.
நகர எல்லைக்குள் சொந்த வீடுள்ள ஒருவர்,
இவள் வாடகை தவறினால்
என் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று
கையெழுத்துப் போட வேண்டும்.
ரத்த சொந்தமென்றால் ரொம்ப நல்லது என்றாள்.

என் ரத்தமெல்லாம் ஹுஹூயில் இருக்கிறது,
பேருந்தில் இருபத்திரண்டு மணி நேரம்.
அப்பாவின் வீட்டை விற்றால்
இங்கே ஒரு கார் நிறுத்த இடம் வாங்கலாம்.
சின்ன கார்.

அன்றிரவு கைபேசியில் இருந்த பெயர்களை
மேலிருந்து கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.
யாரோடு சிரிக்கலாம், தெரியும்.
யாரிடம் கைமாற்று கேட்கலாம், அதுவும் தெரியும்.
எனக்காகத் தன் கூரையைப் பணயம் வைக்க யார் இருக்கிறார்கள்
என்று யோசித்ததே இல்லை.

மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார் டாக்டர் ஃபெரெர்.
மனைவி போன வருடமே விட்டுப்போனது வார்டுக்கே தெரியும்.
ஓன்சே பக்கம் ஒருவன் ஜாமீன் விற்கிறான் என்றார்கள்.
அவன் காட்டிய பத்திரத்தில்
வீட்டுக்காரர் பிறந்தது பிப்ரவரி முப்பது.

இதற்குள் வாடகை இரண்டு தடவை ஏறியது.
காலையில் ஒன்று,
காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் ஒன்று.

வேறு வழியில்லாமல் லௌத்தாரோவை அழைத்தேன்.
விவாகரத்தாகி நான்கு வருடம்.
போயேதோவில் அந்த இரண்டறை வீடு அவன் பெயரில்,
துணிப்பெட்டியும் இஸ்திரிப்பெட்டியுமாக
நான் இறங்கி வந்த அதே வீடு.
நெடுநேரம் அவன் பேசவில்லை.
பின்னால் சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது.
இன்னுமா சரி பண்ணவில்லை என்றேன்.
எங்கே, எத்தனை மணிக்கு வரணும் என்றான்.

நோட்டரி மேசையில் பேனா எழுதவில்லை.
ஓரத்தில் கிறுக்கிப் பார்த்துவிட்டுப் போட்டான்.
நான் வெளியேறிய வீடு
நான் குடிபுகும் வீட்டுக்குப் பொறுப்பேற்றது.
நாற்பத்தெட்டு சதுர மீட்டர், பால்கனி ஒன்று
என்று உரக்கப் படித்தார் நோட்டரி.
அந்தப் பால்கனியில் நாங்கள் கத்திக்கொண்டதற்கு
காகிதத்தில் இடமில்லை.

வாசலெல்லாம் ஜக்கரண்டா உதிர்ந்து வழுக்கியது.
முத்தமா கைகுலுக்கலா என்று இரண்டு பேரும் தடுமாறி,
கடைசியில் என் பையில் பிதுங்கிய காகிதத்தைப் பார்த்து
"பத்திரம்" என்றான்.
காகிதத்தைச் சொன்னானா,
என்னைச் சொன்னானா,
கேட்கவில்லை.

எதிர்ஜன்னல்காரர் போன வாரம்தான் நிமிர்ந்தார்.
கையில் பாதி உரித்த கிழங்கு.

ஒவ்வொரு மாதமும்
ஒன்றாம் தேதிக்கு முன்பே வாடகையைக் கட்டிவிடுகிறேன்.
மிர்த்தா என்னை மற்றவர்களுக்கு உதாரணம் காட்டுகிறாளாம்.
நாணயமெல்லாம் இல்லை.
இரண்டு நாள் பிந்தினாலும்
போயேதோவில் அந்தக் குழாய்
வேறு யாருடைய சமையலறையிலோ
சொட்டத் தொடங்கிவிடும் என்று
தூக்கம் கலைகிறது.