தொண்ணூற்றெட்டு சதவீதம்

வியாழன் ராத்திரி புது சிஸ்டம் ஏற்றிவிட்டுப் போனேன்.
வெள்ளி தொழுகை முடிந்ததும் கோயாக்கா போனில்:
"ஞான் ஒன்னும் செய்தில்லா.
தொட்டுகூட இல்லா.
பெட்டி மாத்திரம் கத்துது."

அஜ்மான், தொழிற்பேட்டை, டைப்பிங் சென்டர்.
ஆகஸ்டில் ஷட்டர் கைப்பிடியைக்
கைக்குட்டை சுற்றித்தான் தூக்க வேண்டும்.
உள்ளே ஏசி ஒரு பக்கம், சிபியூ விசிறி ஒரு பக்கம்,
இரண்டுக்கும் மூச்சு வாங்குகிறது.

திரையில் ஒரு ஜன்னலும் திறந்திருக்கவில்லை.
மவுஸ் கிடந்த இடத்தில் கிடக்கிறது.
ஆனால் தொண்ணூற்றெட்டு சதவீதம்.
பெட்டியின் மேல் கை வைத்தேன்.
கேம்ப்பில், மேல்கட்டிலில்,
தூங்குவதுபோல் கிடப்பவன் நெஞ்சைத் தொட்ட மாதிரி இருந்தது.

வைரஸா? இல்லை.
பழைய பிரிண்டரின் டிரைவரா? கழற்றினேன்.
கைரேகைக் கருவி? வயரைப் பிடுங்கினேன்.
ஆன்ட்டிவைரஸ் இரண்டு, ஒரே உறையில் இரண்டு கத்தி.
ஒன்றை அழித்தேன்.
தொண்ணூற்றேழு.
சுலைமானியை மேசையில் வைத்துவிட்டு
"ஒன்னு கொறஞ்சல்லோ" என்றார் கோயாக்கா, ஆறுதலாக.

பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருந்தது
தேடலுக்கு அட்டவணை போடும் சேவை.
நிறுத்தினேன். விசிறி அடங்கியது.
திரும்பி அவரைப் பார்த்துச் சிரிப்பதற்குள்
வேறு எண்ணோடு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது,
விசா ரத்தாகிப் போனவன்
புது விசாவில் அதே கம்பெனிக்கே வருவதுபோல.

அப்படி எதைத்தான் தின்கிறது?
பின்னாலேயே போனேன்.
டி டிரைவ். கஸ்டமர். ஸ்கேன்.
பதினாலு வருஷத்துப் பாஸ்போர்ட், மெடிக்கல், ஒப்பந்தம்,
ஒரு லட்சத்து அறுபதாயிரம் தாள்.
பழைய சிஸ்டம் ஒன்றையும் பிரித்துப் பார்த்ததில்லை,
வாங்கி வைத்தது, அவ்வளவுதான்.
நாங்களும்தான்.
புதியது வந்த முதல் ராத்திரியே
ஒவ்வொன்றாக எடுத்து
படத்துக்குள் இருக்கும் எழுத்தைக்
கூட்டிக் கூட்டிப் படிக்கிறது.
சாந்தப்பன், கம்பி கட்டுபவர்.
இக்பால் ஹுசேன், பேக்கரி.
லூர்துசாமி, கிரேன். லூர்துசாமி, கிரேன், புதுப்பித்தல்.

ஒரு டிக்கை எடுத்தால் நின்றுவிடும்.
முப்பது திர்ஹம் வாங்கிக்கொண்டு கிளம்பலாம்.
"படிச்சு முடிச்சா, தேடினா கிட்டுமோ?"
"கிடைக்கும் இக்கா."
சொல்லிவிட்டுச் சும்மா என் பெயரை அடித்தேன்.
எழிலரசு.
முடிவுகள் இல்லை.

அப்புறம்தான் உறைத்தது.
இனிஷியலை விரித்தெழுது என்று சொன்ன நாளிலிருந்து
இங்கே நான் மிஸ்டர் வைரக்கண்ணு.
சம்பளச் சீட்டில், ஆஸ்பத்திரி வரிசையில், அரபாப் வாயில்.
பாஸ்போர்ட்டே எடுக்காத அப்பா
பன்னிரண்டு வருஷமாய் டியூட்டி பார்க்கிறார்.

வைரக்கண்ணு என்று அடித்தேன். நாலு.
ஒன்று நான்: ஹெல்பர்,
ஸ்டூடியோக்காரன் கொடுத்த காலர் சட்டை, திகைத்த முழி.
மற்ற மூன்றும்
வேறு வேறு வைரக்கண்ணுகளின் பிள்ளைகள்.
ஒருவர் ரத்து.
ஒருவர் மேல் ஓடிப்போனதாகப் புகார்.
மூன்றாமவரைத் திறப்பதற்குள் திரை உறைந்துவிட்டது.

டிக்கை எடுக்கவில்லை.
அணைத்து, மூடியைக் கழற்றினேன்.
விசிறியில் அரைக் கைப்பிடி மணல்,
பிராசசர் மேல் காய்ந்து பொருக்குத்தட்டிய பசை.
ஊதினேன், துடைத்தேன், புதுப் பசை தடவினேன்,
மறுபடி உயிர் கொடுத்து
படிக்கிறவரை படி என்று விட்டுவிட்டேன்.

மக்ரிப் பாங்கு சொல்லும்போது எழுபது.
பரோட்டா தின்று வந்தபோது முப்பத்தொன்று.
பத்தரைக்கு நாலு.

பில்லில் எழுதினேன்: தூசி, பசை, நாற்பது திர்ஹம்.
காத்திருந்ததற்கு என்ன போடுவதென்று தெரியவில்லை.
கோயாக்கா பில்லைப் பார்க்கவே இல்லை.
ஒற்றை விரலால்
யாரோ ஒருவர் பெயரை அடித்துக்கொண்டிருந்தார்,
கிடைக்காமல்
ஸ்பெல்லிங்கை மாற்றி, மறுபடி மாற்றி.
ஒவ்வொரு தடவையும் விசிறி
கொஞ்சம் எழும்பி
அடங்கியது.