மாதிரி அளவுகள்

ஒன்று புள்ளி மூன்று மூன்று மூன்று.
நாற்பத்திரண்டு ரெக்கார்டு நோட்டிலும்
தண்ணீர் ஒரே மாதிரிதான் ஒளியை வளைத்தது.
நாற்பத்திரண்டு முறை
சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டேன்.

அது இருபது டிகிரி வெப்பத்துக்கான எண்.
மார்ச் மாதக் கிருஷ்ணகிரியில்
எங்கள் ஆய்வகச் சுவரே முப்பத்தைந்தில் கொதிக்கும்.
யாரும் கேட்கவில்லை.
நான் படித்தபோது நானும் கேட்டதில்லை.
அந்தப் பழைய நோட்டைப் பார்த்துத்தான்
இப்போதும் சொல்கிறேன்:
கமா, அடுத்த வரி, படம் பென்சிலில்.

கருவி இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது.
பீரோவின் இரண்டாம் தட்டில், மஞ்சள் உறைக்குள்.
உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
கௌரவ விரிவுரையாளர் நான்;
கௌரவம் வருஷத்துக்குப் பதினோரு மாதம்.
ஆய்வுக் குழு வந்த அன்று துடைத்து வைத்தோம்.
அவர்களும் தொடவில்லை, நல்ல மனிதர்கள்.

ஜூனில் முனிலட்சுமி போன் செய்தாள்.
அந்தப் பத்து மதிப்பெண் கேள்விக்கு
அம்புக்குறிகூடப் பிசகாமல் படம் வரைந்தவள்.
குப்பம் சாலையில் மாங்கூழ் ஆலை,
சீசன் முடியும்வரை லேப் வேலை.
"முதல் நாளே ஒண்ணைக் கையில கொடுத்தாங்க மேடம்,
டார்ச் லைட்டுன்னு நெனச்சேன்."
வாசலில் பெங்களூரா ஒன்பது டன்.
லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லையாம்.
சூப்பர்வைசர் கேட்டாராம்:
டிகிரி வாங்கியிருக்கே,
டிகிரி பார்க்கத் தெரியாதா?

அழுதாயா என்று நான் கேட்கவில்லை.
"சாப்பாட்டுக்குள்ள பிடிபட்டுருச்சு,
எட்டு நிமிஷ வேலைதான் மேடம்.
ஆனா ஒரே லாரி, ஒரே தோப்பு,
ரெண்டு பழம் ஒரே எண் காட்டல.
பதினாலு, பதினஞ்சரை, பன்னெண்டே முக்கால்.
நான்தான் தப்பா பாக்கறேன்னு
எல்லாத்தையும் பதினாலுன்னு எழுதிட்டேன்.
அதுக்குத்தான் திட்டு விழுந்துச்சு."

எட்டு நிமிஷம்.
நான் எடுத்துக்கொண்டது மூன்று வகுப்பு,
ஐந்து பக்கம்.

கல்லூரி திறந்த திங்கட்கிழமை
ஸ்டாக் ரிஜிஸ்டரில் என் பெயரை எழுதி
உறையைக் கழற்றினேன்.
இரண்டாம் ஆண்டுக்காரர்கள் மொய்த்துக்கொண்டார்கள்.
குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு.
பன்னிரண்டு வருஷமாக நடத்திய பாடத்தில்
முதல்முறையாகக் கண்ணை வைத்தேன்.

இருட்டு.
குமிழைத் திருகினேன். இருட்டு.
முதுகுக்குப் பின்னால் கிசுகிசுப்பு,
தாள் புரளும் சத்தம்.
எவனோ ஒருவன் சீனியர் நோட்டைப் பார்த்து
ஒன்று புள்ளி மூன்று மூன்று
எழுதத் தொடங்கிவிட்டான்.

வராண்டாவுக்குப் போய் அவளை அழைத்தேன்.
இரைச்சல். யாரோ கன்னடத்தில் கத்துகிறார்கள்.
"பெரிய மெஷினா? இங்கயும் ஒண்ணு இருக்கு, இருங்க."
ஷட்டர் இறங்குகிறது, சத்தம் குறைகிறது.

"கண்ணாடியை
வெளிச்சம் பக்கம் திருப்பினீங்களா மேடம்?"