பேர் விழும் பாய்

ஐந்தே காலுக்கு ஜெனரேட்டர் எடுக்கவில்லை.
நாலாவது இழுப்பில் இருமிக்கொண்டு எழுந்தது.
லாபிஸ் திடலுக்கு வெளியே, தார் இன்னும் ஈரம்.
நானும் புவனேஸும் கறுப்புப் பாயை விரித்து
ஓரங்களை டேப்பால் ஒட்டினோம்.
படுக்கிற பாய் இல்லை, மிதிபடுகிற பாய்.
உள்ளே கம்பி. கம்பிக்குக் காது.

சில்லு கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது.
முன் ஃபோர்க்கில் கேபிள் டை போட்டு இறுக்கினால்
பாயைத் தாண்டும்போது ஒரு பீப்.
பீப்புக்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு பேர்.
விடியற்காலைப் பெரட்டுக்கு நின்ற ஊரில்
இதை விளக்க வேண்டியதில்லை:
பேர் விழுந்தால்தான் நாள்.
பாதியில் திரும்பினால் அரைப் பேர்.

நூற்று முப்பத்தெட்டு சைக்கிள், மூன்று சுற்று.
செம்பனைக்குள் நுழைந்து, ஆலையைச் சுற்றி,
ரயில் பாதையோரமாய் வெளியே வரவேண்டும்.
குலை லாரிகளைப் பத்து மணிவரை
நிறுத்திவைப்பதாகத் தோட்ட ஆபீசில் சொல்லியிருந்தார்கள்.
ஒன்பதுக்கே ஒன்று வந்தது. போகட்டும்.

இரண்டாம் சுற்றில் மனம் விட்ட சந்திரபோஸ்
பாயோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு
நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தார்.
நெத்திலியைத் தேடித் தின்று முடிப்பதற்குள்
பெட்டி அவரை நாற்பத்தோரு சுற்று ஓட்டியிருந்தது.
"அண்ணே, சைக்கிளைத் தள்ளிப் போடுங்க.
இப்ப நீங்கதான் முதல்."
கையெல்லாம் சம்பலோடு எழுந்து சிரித்தார்.
நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாய் அழித்தேன்.

அப்புறம் எண்பத்தெட்டு வந்தது, நாலாவதாக.
தமிழ்வாணன், வயது நாற்பத்தாறு என்றது திரை.
தாண்டிப் போனவனுக்கு முப்பதுகூட இருக்காது.
முழங்கால்வரை செம்மண்,
அளவு பெரிய சட்டை காற்றில் படபடத்தது.
"ரொஃபிகுல் இல்ல அது?" என்றான் புவனேஸ்.
"ஆலையில வேலை. என் கடையிலதான்
டாக்காவுக்குப் பேச டாப்அப் வாங்குவான்."

விதி தாளில் இருக்கிறது, அச்சடித்ததே நான்தான்:
சில்லை ஆள் மாற்றிக் கட்டினால் நீக்கம்.
நொடியைப் பத்தாய் நறுக்கத் தெரிந்த பெட்டிக்கு
ஒரு முகம் தெரியாது.
அதற்குத்தான் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி.

நீக்கினேன்.
சிகு ரோஸ்லான் மைக்கில் கூப்பிட
ஐந்தாவதாய் வந்த ஆ கியோங் மேடையேறி
எண்பது வெள்ளியை வாங்கினான்.
கைதட்டினேன். அவன்மேல் தப்பில்லை.

சாமான் கட்டுகிற நேரத்தில் வந்து நின்றான்.
கேபிள் டையைப் பல்லால் அறுத்திருக்க வேண்டும்,
உதட்டோரம் கீறல்.
சில்லைத் தந்தான். டெபாசிட் பத்து வெள்ளியை
மடித்துச் சட்டைப்பையில் வைத்தான், தனியாக.
தமிழ்வாணனுக்கு இடுப்பு வலியாம், அவர் காசாம்.
பரிசைப் பற்றிப் பேச்சில்லை.
"அக்கா, பெராப்பா?" என்றான்,
கடிகாரம் இல்லாத மணிக்கட்டைத் தொட்டு.

மடிக்கணினியைத் திருப்பினேன்.
1:19:26.4
உதடசைத்துப் படித்தான், கடைசிப் புள்ளிவரை.
போனை எடுத்துப் படம் பிடிக்கட்டுமா என்று பார்த்தான்.
"பொறு," என்றேன்.
பேர் இருந்த கட்டத்தைக் காலி செய்தேன்.
ஒரு பக்கம் எண்ணும் ஒரு பக்கம் நேரமும்,
இடையில் வெள்ளையாய் ஓர் ஆள் நிற்கிற இடம்.
பிடித்துக்கொண்டான்.
சைக்கிள் சங்கிலி கரகரக்க ஆலைப் பக்கம் போனான்;
இரண்டு மணிக்கு ஷிப்ட்.

மாற்றத்தைச் சேமிக்கவா என்று கேட்டது பெட்டி.
பேட்டரி எப்போதோ செத்துப்போன கணினி அது.
புவனேஸ் ஜெனரேட்டரை அணைக்கக் குனிந்தான்.
"இரு," என்றேன். "ஒரு நிமிஷம் இரு."